அடைபட்ட கடல்நீர்

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களுக்குள் வருகிறது. கடலுக்கும் ஏரிக்கும் இடையில் ஸ்ரீஹரிகோட்டா தீவு மணல் கரையாகக் கிடக்கிறது. ஆரணியாறும் காளாங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவர, பழவேற்காடு ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே ஏறி இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளத்தில் ஏரியின் சில பகுதிகளில் உப்பு அற்றுப்போகும். சித்திரை, வைகாசி வெயிலில் அதே இடத்தில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் உப்பு ஏறியதாக ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. திறந்த கடலில் அது சுமார் 35 கிராம்.

ஏரியின் ஆழம் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் நின்றால் தலை வெளியே தெரியும் அளவுதான். இவ்வளவு அகலமாகவும் இவ்வளவு ஆழமின்றியும் கிடக்கும் நீரில் வெயிலும் மழையும் உடனே வேலை செய்கின்றன. முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் அந்த ஏற்ற இறக்கத்தைத் தணித்துவிடும். கோடையில் மணல் ஏறி வாய் அடைத்துக்கொண்டால் ஏரி தனியே விடப்படுகிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற வழக்கம் தலைமுறைகளாக இங்கே உண்டு. அந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: வாய் திறந்திருக்க வேண்டும். மணலை வெட்டிவிட ஊர்க்காரர்களே இறங்கியதும், அரசிடம் மனு மேல் மனு கொடுத்ததும் இந்தக் கரையின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியபோது கப்பலுக்கு வழியாக அவர்களுக்குத் தேவைப்பட்டதும் இதே முகத்துவாரம்தான்.

கடலிலிருந்து பிரித்து எடுத்த நீர் தன் குணத்தைத் தானே காத்துக்கொள்வதில்லை. ஏரிக்கும், இறால் குளத்துக்கும், வீட்டுக் கூடத்தில் வைக்கும் நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கும் இது பொது. கடலின் பரப்பும் அலையும் இலவசமாகச் செய்துவந்த வேலையை யாராவது கையால் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ள மனிதர்களுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது. அதில் ஒரு பகுதி வட சென்னைக் கடற்கரையிலேயே நடந்தது.

கடல்நீரைப் பற்றி முதலில் உறுதியானது அதன் விகிதம். 1819இல் லண்டனில் அலெக்சாண்டர் மார்செட் பல கடல்களின் நீரைச் சோதித்து, உப்பின் அளவு கூடினாலும் குறைந்தாலும் அதிலுள்ள பொருள்களின் விகிதம் மாறுவதில்லை என்று கண்டார். சேலஞ்சர் கப்பல் உலகைச் சுற்றிக் கொண்டுவந்த 77 மாதிரிகளைப் பகுத்து வில்லியம் டிட்மார் 1884இல் இதை நிலைநிறுத்தினார். கரைந்திருக்கும் உப்பில் 85 விழுக்காட்டுக்கு மேல் சோடியமும் குளோரைடும். மிச்சத்தில் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம். லிட்டருக்கு மக்னீசியம் ஏறத்தாழ 1,300 மில்லிகிராம், கால்சியம் 420 மில்லிகிராம் அளவு. வங்கக் கடலில் அள்ளினாலும் அட்லாண்டிக்கில் அள்ளினாலும் இந்த விகிதம் ஒன்றே. அதனால்தான் ஒரே ஒரு அளவைப் பார்த்து, அதாவது உப்பின் செறிவைப் பார்த்து, மற்ற எல்லாவற்றையும் ஊகிக்க முடிகிறது. ஆனால் அது கடல் கடலாக இருக்கும் வரைதான். தொட்டியில் நத்தையும் பவளமும் கால்சியத்தை எடுத்துக்கொள்கின்றன, சோடியத்தைத் தொடுவதில்லை. சில வாரங்களில் டிட்மாரின் விகிதம் குலைந்துவிடுகிறது.

இந்த விகிதத்தை அறியாமல் உப்பைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எளிய யோசனை தோன்றுவதுண்டு. திருவள்ளூர்க் கரையில் அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்து உப்பளங்கள் பழமையானவை. அங்கே விளைந்த உப்பு படகில் ஏறி வாய்க்கால் வழியாகச் சென்னைக்குப் போனது. 1806இல் தனியார் வாய்க்காலாகத் தொடங்கி, எண்ணூர் வரையும் பின்னர் பழவேற்காட்டுக்கு அப்பாலும் நீண்டு, 1877–78 பஞ்ச நிவாரண வேலையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆன நீர்வழி அது. கடல்நீரைக் காயவைத்து எடுத்த உப்புதானே, அதையே திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் வராதா? வராது. பாத்தியில் நீர் சுண்டும்போது முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது, அடுத்து ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சோற்றுப்பு விளைகிறது. அதற்குப் பின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் அத்தனையும் தங்கிவிட, உப்பளக்காரர் அதைத் திறந்துவிடுகிறார். மூட்டைக்குள் வருவது கடலின் ஒரு பகுதி மட்டும். கல்லுப்பில் அமைத்த தொட்டியில் ஆற்றுமுக மீன் சில நாள் தாக்குப்பிடிக்கலாம். பவளத்திட்டு மீனும் முதுகெலும்பில்லாத உயிர்களும் தாங்கா.

உப்புநீர்த் தொட்டி வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் 1840களில் முளைத்தது. 1846இல் ஆன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்வே கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் எட்டாத ஊரில் நீர் கெடாமல் இருக்க, திறந்த ஜன்னலருகே நின்று பாத்திரத்துக்குப் பாத்திரம் அதை ஊற்றி ஆற்ற வைத்தார். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றுப் பம்பு செய்வதை அந்தப் பெண் கையால் செய்தார். 1850இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் சேர்ந்திருந்தால் தொட்டி நீர் நெடுநாள் கெடாது என்று எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அதையே உப்புநீரிலும் செய்து பார்த்தார். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச்சாலை மீன் இல்லத்தைத் திறந்தது. கடலிலிருந்து நீர் கொண்டுவரும் செலவைத் தவிர்க்க, பிலிப் ஹென்றி காஸ் நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தார்: சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. கால்சியத்தை அவர் சேர்க்கவில்லை. அளவு சிறிது, விட்டுவிடலாம் என்று நினைத்தார். பின்னாளில் பவளம் வளர்ப்பவர்கள் எதற்காக அதிகம் பாடுபட்டார்களோ, அது அந்தக் கால்சியம்தான்.

அடுத்த பாடம் ஆல்ஃபோர்ட் லாய்டிடமிருந்து வந்தது. 1864இல் ஹாம்பர்க்கிலும் 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, தொட்டிகளைவிடப் பன்மடங்கு கொள்ளளவுள்ள இருட்டு நிலத்தடிக் கிடங்கு இருந்தது. நீர் இரவும் பகலும் மேலும் கீழுமாகச் சுற்றியது. கண்ணுக்குத் தெரியும் நீர் குறைவாகவும் தெரியாத நீர் மிகுதியாகவும் இருந்தால் கெடுதல் மெதுவாக வரும், சரிசெய்ய நேரம் கிடைக்கும். இன்று தொட்டியின் அடியில் மறைத்து வைக்கும் சம்ப் என்ற இரண்டாம் தொட்டி அந்தக் கிடங்கின் சிறிய வடிவம். புதியவர்கள் அழகுக்காக இருபது லிட்டர் தொட்டியில் தொடங்குவது எவ்வளவு தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும். பெரிய தொட்டி செலவு கூட, ஆனால் அதைக் காப்பது எளிது.

சென்னைக்கு இந்தக் கலை 1909இல் வந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் மெரினா கடற்கரையில் எழுந்த கடல்வாழ் உயிரினக் காட்சியகம் அந்த ஆண்டு அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் விலங்குக்காட்சிச்சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்லிவந்த நகரத்து மக்களுக்கு, வலையில் மட்டும் பார்த்த மீன் கண்ணாடிக்குப் பின்னால் உயிரோடு நீந்துவது புதுமையாக இருந்தது. 1919இல் நிர்வாகம் மீன்வளத் துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தாக்குதல் அச்சம் சூழ்ந்தபோது காட்சியகம் மூடப்பட்டது. மீண்டும் திறக்கவே இல்லை. கடல் எதிரிலேயே இருந்த அந்தக் கட்டடத்துக்கு இருந்த வசதி வீட்டில் தொட்டி வைப்பவருக்குக் கிடையாது. அலைக்கு எட்டும் தூரத்திலிருந்து தள்ளிப் போகப் போக, பொறுப்பு கடலிடமிருந்து வேதியியலுக்கு மாறுகிறது.

வாரிங்டனின் தொட்டி ஏன் கெடாமல் இருந்தது என்பதற்கு அவரே தந்த விளக்கம் பாதி சரி. தாவரம் ஆக்சிஜன் தருகிறது, நத்தை அழுகலைத் தின்கிறது என்றார். மறுபாதியைக் கண்டவர்களில் முக்கியமானவர் அவருடைய மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். 1877இல் பிரான்சில் ஷ்லோசிங்கும் முன்ட்ஸும், கழிவுநீரிலுள்ள அம்மோனியா மணலில் வடியும்போது நைட்ரேட்டாவது உயிர்களின் வேலை என்று காட்டியிருந்தனர். மகன் வாரிங்டன் ராத்தம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அதைத் தொடர்ந்தார். மாற்றம் இரண்டு கட்டங்களில், இரு வேறு உயிரிகளால் நடக்கிறது என்பதைக் கண்டார். முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அந்த நுண்ணுயிரிகளைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890இல் செர்கி வினோகிராட்ஸ்கி பிரித்தார். தந்தை தொடங்கிய பொழுதுபோக்கின் மையமான இரகசியம் மகன் செய்த விவசாய ஆய்வில் இருந்தது. இருந்தும் மீன் வளர்ப்பவர்கள் அதைத் தங்கள் கைமுறையாக ஆக்கிக்கொள்ள இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆயிற்று.

புதிய தொட்டியில் மீன் சாவதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதில் நஞ்சாவது அயனியாகாத பகுதி. கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.3 வரை இருப்பதாலும் நம் ஊர்த் தண்ணீர் 28 டிகிரியில் இருப்பதாலும், அம்மோனியாவில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு நஞ்சு வடிவில் நிற்கும். பிஎச் 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் அது நூற்றில் ஒரு பங்குகூட இராது. கப்பியும் தங்கமீனும் வளர்த்துக் கைதேர்ந்தவர் உப்புநீரில் முதன்முறை தோற்பது இதனால்தான். நன்னீரில் தாங்கிய அதே அம்மோனியா இங்கே கொல்கிறது. நைட்ரைட் விஷயத்தில் கடல்நீர் கொஞ்சம் கருணை காட்டும், குளோரைடு மிகுதியாக இருப்பதால் நைட்ரைட் எளிதில் இரத்தத்தில் ஏறாது.

வழி ஒன்றே. மீன் வருவதற்கு முன் நுண்ணுயிரிகள் குடியேற வேண்டும். உப்புநீரும் மணலும் கல்லும் இட்டு, பம்பு ஓடவிட்டு, ஒரு பச்சை இறால் துண்டைப் போட்டு வைப்பார்கள். அது அழுகி அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியாகி நைட்ரேட் மட்டும் தெரியும் நாளில் தொட்டி தயார். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இந்தக் காத்திருப்பை விற்பவரும் விரும்புவதில்லை, வாங்குபவரும் விரும்புவதில்லை. கெடுதல் பாதி அந்த அவசரத்தில் வருகிறது.

அம்மோனியா, பிஎச், அல்கலினிட்டி என்ற சொற்கள் திருவள்ளூர்க் கரையோர ஊர்களுக்குள் அழகு மீனோடு வரவில்லை. இறாலோடு வந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1987இல் அமைந்தது. அதன் ஆய்வுப் பண்ணை முட்டுக்காட்டில் இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் உவர்நில ஓரங்களிலும், எல்லைக்கு அப்பால் நெல்லூர் மாவட்டத்திலும் புலி இறால் குளங்கள் பெருகின. தொடக்கத்தில் முறை எளிது: கழிமுக நீரை ஏற்றி, அழுக்கானால் இறக்கி, புதியதை ஏற்றுவது. 1994 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரையைத் தாக்கியது. ஏற்றிய நீரோடு நோயும் வந்தது. ஒருவர் குளத்திலிருந்து இறக்கிய நீரே அடுத்தவர் குளத்துக்கு ஏற்றும் நீராக இருந்தது.

1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் தொழில் கூடாது என்றதோடு, சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றும் பெயர் சொல்லியே தடுத்தது. மரபான முறைகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து தொழிலை உரிமப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 2009 முதல் வனாமி இறால் அனுமதிக்கப்பட, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கும் ஏற்பாடும் அமைந்தது.

நோய்க்குப் பயந்த பண்ணையாளர்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள். நீரைத் தேக்கக் குளத்தில் ஏற்றி, பிளீச்சிங் பவுடர் இட்டுக் கிருமி கொன்று, குளோரின் போகும் வரை நிறுத்திவைத்து, பிறகே வளர்ப்புக் குளத்துக்கு விட்டார்கள். அறுவடை வரை மிகக் குறைவாகவே மாற்றினார்கள். லாய்டின் இருட்டுக் கிடங்கும் தின் அம்மையாரின் காற்றாட்டமும் அளவு பெருத்து இங்கே வந்துவிட்டன. விடியலுக்கு முன்பு குளக்கரையில் வேலை தொடங்கும். ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடிச் சரிவில் ஒரு சொட்டு விட்டு, மூடியை மெல்ல இறக்கிக் குமிழி நீக்கி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடைக்கோட்டில் உப்பு எண் தெரியும். அடுத்து பிஎச். காலையில் 7.8, மாலையில் 8.2 என்றால் நிம்மதி. வேறுபாடு அரைக்கு மேல் போனால் பாசி மிஞ்சிவிட்டது, அல்கலினிட்டி போதவில்லை என்று பொருள். அன்றிரவு டோலமைட்டோ சுண்ணாம்போ மூட்டையாக இறங்கும். பள்ளிப் படிப்பை முடிக்காத மேற்பார்வையாளரும் பிஎச் என்பது ஒரு நொடியின் எண், அல்கலினிட்டி என்பது அந்த எண்ணைத் தாங்கி நிற்கும் இருப்பு என்பதை அனுபவத்தில் கற்றார். பல வீட்டுத் தொட்டிக்காரர்கள் இன்னும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பிஎச் இறங்கியதைக் கண்டு சோடா உப்பை அள்ளிப் போட்டு, மறுநாள் மீண்டும் இறங்கியதும் மீண்டும் போடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அல்கலினிட்டி. இயற்கைக் கடலில் அது கடினத்தன்மை அலகில் ஏறத்தாழ 7. அது 7க்கும் 10க்கும் இடையில் நின்றால், காலையில் பிஎச் 7.9 காட்டுவது கவலைக்குரியதன்று. மூடிய அறையில் சேரும் கரியமிலவாயுவே பெரும்பாலும் காரணம். ஜன்னலைத் திறந்தால் போதும்.

சுண்ணாம்பு இந்தக் கரைக்குப் புதிதில்லை. பழவேற்காட்டு ஏரியின் அடியில் பழங்காலக் கிளிஞ்சல் படுகைகள் உண்டு. அவற்றைத் தோண்டியெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பளிங்கு போல மினுங்கிய சென்னைச் சுண்ணச்சாந்து கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஆனது. கால்வாய்ப் படகுகள் விறகோடும் உப்போடும் அதையும் ஏற்றிப் போயின. பவளத்துக்குக் கால்சியமும் அல்கலினிட்டியும் ஒரே சமயத்தில், ஒரே விகிதத்தில் தேவை என்பதைப் பிற்காலத்தில் உணர்ந்த ஐரோப்பிய வளர்ப்பாளர்கள், குறிப்பாகப் பீட்டர் வில்கென்ஸ், கண்ட வழியும் தெளிந்த சுண்ணாம்பு நீரே. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே படியும் வெள்ளை ஆடையைத் தவிர்த்து, தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது. பிஎச் 12க்கு மேல் உள்ள நீர் அது. ஒரேயடியாக ஊற்றினால் தொட்டி பால்போல் வெளுத்து உள்ளே இருப்பவை சாகும். வெற்றிலைச் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தலாகாது, நிறமும் கலப்பும் அதில் இருக்கக்கூடும்.

உப்பு வாங்கியாயிற்று என்றால் கரைக்கும் நீரும் வேண்டும். 1960களில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் எல்லா அயனிகளும் கலந்த செயற்கைக் கடலுப்புக் கலவை விற்பனைக்கு வந்து, கடல் இல்லாத ஊர்களுக்கும் உப்புநீர்த் தொட்டியைக் கொண்டுசென்றது. அதே காலத்தில் மீஞ்சூர் பகுதி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயலுக்கும் நிலத்தடி நீர் அளவின்றி இறைக்கப்பட, கடல் நிலத்தடியில் உள்ளே நகர்ந்தது. கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணறுகளும் உவர்த்தன. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. எதிர்ச்சவ்வூடு முறையில் கடலிலிருந்து உப்பை நீக்கும் ஆலை அது. இந்தப் பகுதியில் தொட்டி வைப்பவரும் அதே முறையால் வடித்த ஆர்ஓ நீரில் உப்பைத் திரும்பக் கரைக்கிறார். ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே பயன்படுத்தினால் அதில் ஏற்கெனவே எவ்வளவு உப்பும் சுண்ணாம்பும் இரும்பும் இருக்கிறது என்பது தெரியாது. கணக்கு தொடக்கத்திலேயே தவறிவிடும்.

பக்கத்திலேயே கடல் இருக்க இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மழைக்காலத்தில் எண்ணூர், பழவேற்காட்டுக் கரைநீரில் ஆற்றுநீர் கலந்திருக்கும். அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் சூழ்ந்த கரை இது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் மறுபடியும் எண்ணெயில் மிதந்தது. கோடையில், கரையிலிருந்து தள்ளி, படகில் போய் எடுத்துவரும் நீர் நன்றாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கும் என்று நம்பி வீட்டுத் தொட்டி நடத்த முடியாது.

அழகு மீன் வணிகம் வட சென்னையில் நன்னீரோடு வளர்ந்தது. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் பறவைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் பெயர்பெற்ற இடம். பின்னாளில் கொளத்தூர் அழகு மீன் மொத்த வணிகத்தின் நடுவிடம் ஆனது. அதைச் சுற்றித் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளும் வளர்ப்புத் தொட்டிகள் பரவின. உப்புநீர் மீன் பின்னால் வந்தது. தொடக்கத்தில் விற்றவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை உருவாக்கிய பிறகு, தொட்டியிலேயே பிறந்த மீன் கிடைக்கிறது. புதியவர் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான். கடலைப் பார்த்திராத மீன் தொட்டியின் சிறு ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், உலர் தீவனமும் தின்னும்.

பவளமும் உயிர்ப்பாறையும் வேறு கதை. 1961இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துத் தொட்டியை நடத்தலாம் என்று எழுதினார். நுண்ணுயிரிகள் பாறையின் துளைகளிலேயே குடியிருந்தன. உலகம் அந்த முறையைப் பின்பற்றியது. இந்தியாவில் 2001இல் பவளத்திட்டு அமைக்கும் எல்லாப் பவளங்களும், கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். காய்ந்த பாறையையோ வார்த்த பீங்கான் கல்லையோ வைத்து நுண்ணுயிரி குடியேறக் காத்திருப்பதே சட்டப்படியான வழி. கூடுதலாகச் சில வாரம் ஆகும், அவ்வளவே.

மீன் மட்டும் உள்ள முதல் தொட்டிக்குப் பார்க்க வேண்டிய அளவுகள் கொஞ்சம்தான். உப்பு 35, அதாவது ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026. வெப்பம் 25 முதல் 28 டிகிரி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி. அல்கலினிட்டி 7 முதல் 10. இவற்றில் நம் ஊர்க் கோடையில் விரைவாகக் கெடுவது உப்பு. நூறு லிட்டர் தொட்டியில் பத்து லிட்டர் ஆவியானால் 35 ஏறத்தாழ 39 ஆகிவிடும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. குறைந்த அளவுக்கு ஆர்ஓ நீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் செறிவு மேலும் ஏறும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து நாள்தோறும் அந்தக் கோடு வரை நிரப்புவது எந்தக் கருவியையும்விட நம்பகமானது. உப்பளத்துக்கென்று செய்த சில ரிஃப்ராக்டோமீட்டர்கள் வெறும் சோடியம் குளோரைடுக்கு அளவிடப்பட்டவை, கடல்நீரில் சற்றுத் தவறாகக் காட்டும். 35 என்று உறுதியான சோதனைக் கரைசலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வேண்டும். சூடான உப்புநீரில் ஆக்சிஜன் குறைவு, இரண்டு மணி நேரம் நின்றாலும் ஆபத்து. கால்சியமும் மக்னீசியமும் இந்த நிலையில் தனியே இட வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 முதல் 15 விழுக்காடு நீரை, முந்தின நாளே கரைத்துக் காற்றோட்டிய கடலுப்பு நீரால் மாற்றினால் டிட்மாரின் விகிதம் தானே மீளும், நைட்ரேட்டும் இறங்கும். மருந்துக்கடை போல அடுக்கி வைக்கும் புட்டிகளில் பெரும்பாலானவை புதியவருக்குத் தேவையில்லை.

அப்படி மாற்றிய பழைய நீரைக் கழிவறையில் ஊற்ற வேண்டும். வேண்டாத மீனையும் நத்தையையும் விற்றவரிடமே திருப்பித் தர வேண்டும். பக்கிங்காம் கால்வாயிலோ ஏரியிலோ விடலாகாது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பி, மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்வது, எண்ணூர்க் கழிமுகத்தின் அடியை மெத்தையாக மூடி இறாலின் இடத்தைப் பறித்துக்கொண்டு பழவேற்காடு வரை பரவியிருக்கிறது. அதைத் திரும்ப அகற்ற இதுவரை யாராலும் முடியவில்லை.